மோனிஷாவுக்குத் தைத்த கவுன்கள்

ஆனி மாதத்து முதல் புதன்கிழமை காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு நின்ற மோனிஷா ஓர் அளவு குறைந்துபோயிருந்தாள். முந்தின நாள் வரைக்கும் ஒன்பது வயசுக்குத் தைத்த கவுன் அவளுக்கு அச்சாக இருந்தது. இன்றைக்குத் தோள் இரண்டும் வழிந்து, கீழ்மடிப்பு ஈரத்தில் புரண்டது. பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே குழாய் இருந்த அந்த வளவில் அந்நேரம் குடத்தோடு நின்றவர்கள் எட்டுப் பேர்; எட்டுப் பேரும் பார்த்தார்கள், ஒருத்தரும் ஐயோ என்று கத்தவில்லை. திருப்பூரில் இருந்துகொண்டு துணி சுருங்குவதைப் பார்க்காதவர்கள் யார்? முதல் தண்ணியில் சுருங்காத பனியனை யாராவது கண்டதுண்டா? பிள்ளையும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு, அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினார்கள்.

ஓடாமல் நின்றவள் பூவாத்தாள். அவளுக்கு நாற்பத்தேழு வயசு, பிள்ளைகுட்டி கிடையாது, கட்டினவன் எப்போதோ கரூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருசமாகச் செக்கிங். ஒரு நாளைக்கு நானூறு பீஸ் அவள் கையைத் தாண்டிப் போகும், ஊசி பட்ட ஓட்டை ஒன்று இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி, பழுது பார்த்துத் தைக்கிற ஆல்டருக்குத் தள்ளிவிடுவாள். அதோடு, பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் மனசு நோவு பார்க்கிற ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வளவுக்கு ஒரு பொம்பளையாகத் தேடிப் பிடித்துப் பழக்கியபோது, இந்த வளவுக்கு அகப்பட்டவளும் அவள்தான். புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் கம்பெனியில் பர்மிசன் வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் இருக்கிற வீடு வீடாகப் போய், தூங்குதா, திங்குதா, பள்ளிக்கூடம் போகுதா, வீட்டில் யாரு யாரோட பேசறதில்லை என்று கேட்டு எழுத வேண்டும். கேட்கத்தான் வேண்டும், எதையும் சரிபண்ணப் போகக்கூடாது என்று பழக்கும்போதே நூறு தரம் சொல்லித்தான் விட்டிருந்தார்கள்.

ஆனால் கை சும்மா இருக்குமா? மோனிஷாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், மிசினில் உட்கார்ந்து, தோளில் இரண்டு மடிப்பு, பக்கவாட்டில் அரை அரை இஞ்ச், கீழே ஒரு சாண் வெட்டு, பத்து நிமிசத்தில் கவுனை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"இப்பப் பாரு அம்முணி, உனக்குன்னே தச்சாப்ல இருக்குது."

"சரிங் அத்தை," என்றது பிள்ளை, கவுனைப் பார்க்காமலே.

அன்றைக்கு நோட்டில் பூவாத்தாள் எழுதியது ஒரே வரி: கவுன் பிடித்துக் கொடுத்தது.

ஆடியில் மோனிஷா இன்னோர் அளவு குறைந்தாள், ஆவணியில் இன்னோர் அளவு. இந்த வளவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படி நல்ல மனுசர்களை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது, அதுதான் வினையே. அந்தப் பிள்ளை சுருங்கச் சுருங்க அவர்கள் தைத்துத் தள்ளினார்கள். கட்டிங் மாஸ்டர் துரைசாமி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காக்கிப் பேப்பரில் அவளுக்கென்று புதுசு புதுசாகப் பேட்டன் போட்டார். கம்பெனியில் ஒதுங்கிய நல்ல துணியாகப் பார்த்து ஆளுக்கொரு முழம் கொண்டுவந்தார்கள். ஓவர்லாக் அடிப்பவர்கள் ஓவர்லாக் அடித்தார்கள், அயர்ன் போடுகிறவர் மடிப்புக் கலையாமல் அயர்ன் போட்டார். கம்பெனியில் பீஸ் மடித்து அடுக்கும் கைமடி வேலை பார்க்கும் வேலாத்தாள், பிசிறு நூலை வெட்டி, காலரில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல வயசு போட்ட லேபிளையும் வைத்துக் கொடுத்தாள். ஏழு என்று போட்ட லேபிள் வந்தது, பிறகு ஐந்து வந்தது, பிறகு மூன்று வந்தது, ஒவ்வொரு கவுனும் முந்தினதைவிட அழகாக இருந்தது. பக்கத்து வளவுப் பெண்கள் வந்து பார்த்து, "அடா அடா, கண்ணுல ஒத்திக்கலாமாட்ட இருக்குது" என்று சொல்லிப் போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். கவுனைத்தான் சொன்னார்கள்.

ஊரும் வழிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா பேரை நாலாங்கிளாஸ் ரிஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டு, ஆளை மட்டும் ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சுக்கு மாற்றினார். புரட்டாசியில் அந்தப் பெஞ்சும் எட்டாமல் போனபோது அங்கன்வாடிக்கு அனுப்பினார்கள். மூணு வருசத்துக்கு முந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு அனுப்பி வைத்த பிள்ளை திரும்பி வந்ததில் அங்கன்வாடி ஆயாவுக்குச் சந்தோசம், அதே பாயைத் தட்டிப் போட்டு அதே இடத்தில் உட்காரவைத்தாள். மோனிஷா அந்தப் பாயில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் உதடு அசைய மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள், சத்தம் வராது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கேட்பதில்லை. மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார்கள், கொடுத்ததை எல்லாம் குடித்தாள். அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள், கூப்பிட்ட குரலுக்கு "இங்" என்று வந்து நிற்பாள். இப்படிப் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று வளவே மெச்சிக்கொண்டது.

மாசம் ஒரு தரம் தண்ணித் தொட்டிக்குக் கீழே அறக்கட்டளை வேனில் வந்து உட்காருகிற டாக்டரம்மாவிடம் பூவாத்தாள் ஆறு கவுனைப் பற்றியும் பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மாவும் பிள்ளை சுருங்கியதற்கு அதிசயப்படவில்லை. அந்த வேனுக்கு அந்த மாசம் வந்தவர்களில் தலைமுடி முழுக்க நரைத்துப்போன ஆறு வயசுப் பையனும் இருந்தான், அவனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இவள் பக்கம் திரும்பினார்.

"அந்த வீட்ல எத்தனை பேர், பூவாத்தாக்கா?"

"நாலு பேருங்க. அப்பன் சென்னியப்பன், சாயப்பட்டறைல வேலை, ஆத்தா கோகிலவாணி, டைலரு, இந்தப் புள்ள, அப்பறம்..." பூவாத்தாளுக்கு நாக்கு நின்றது. "இல்லீங், மூணு பேரு. மூணே பேருதானுங்."

"நாலாவது யாரு?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சித்திரையில் அந்த வீட்டில் ஒரு கைப்பிள்ளை போய்விட்டது. எட்டு மாசத்து ஆண்பிள்ளை, காய்ச்சல். பல் முளைக்காத பிள்ளைக்குத் துக்கம் கிடையாது, பேர் சொல்லக்கூடாது, சொன்னால் அது போகிற வழி தெரியாமல் வீட்டைச் சுற்றும் என்று சென்னியப்பன் வீட்டு வழக்கம். பொழுதுக்குள் புதைத்தாயிற்று, வீட்டைக் கழுவியாயிற்று, தொட்டிலை அவிழ்த்தாயிற்று. துக்கம் கேட்க ஒருத்தரும் போகவில்லை, மறுநாள் கோகிலவாணி ஷிப்டுக்கு வந்துவிட்டாள். மோனிஷாவை வேலாத்தாள் வீட்டில் டிவி பார்க்க உட்காரவைத்திருந்தார்கள்.

"இதையெல்லாம் அந்தப் புள்ளைகிட்ட யாராச்சும் பேசினீங்களா?"

"சின்னப் புள்ளைகிட்ட என்னன்னுங் பேசறது?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லக்கா. அந்த வீட்ல வாயத் திறக்காம வச்சிருக்கிற ஏதோ ஒண்ணு இருக்கு. அதை யாராவது சொல்லணும். நீங்க துணியைப் பிடிச்சுக் கொடுத்துட்டே இருந்தா, அவ குறையறதே யாருக்கும் தெரியாமப் போயிடும்."

பூவாத்தாளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. அட கெரகமே, ஆறு கவுனும் ஆறு ஸ்டிக்கராக ஒட்டியிருக்க வேண்டியது, நானல்லவா ஒவ்வொரு தரமும் ஆல்டர் பண்ணி அனுப்பிவிட்டேன் என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தாள்.

அடுத்த புதனே கோகிலவாணி வீட்டுக்குப் போய், சுற்றி வளைத்து, தம்பியைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் பேசு என்று சொல்லிப் பார்த்தாள். கோகிலவாணி கையில் இருந்த கத்திரிக்காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தப் பழமை பேசறது இந்த வீட்ல வேண்டாங்கக்கா. அந்தப் பேரைச் சொன்னா நான் இருக்க மாட்டேன். என்ற புள்ள எளைச்சிருக்கறா, அவ்வளவுதான். தின்னாத் தேறிக்குவா." சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்து, சாயம் ஏறி நீலமாகிப்போன தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயில் இருந்து இந்த ஆறு மாசமாகச் சோறு போடு என்பதைத் தவிர வேறு சொல் வந்ததாக வளவில் யாருக்கும் ஞாபகமில்லை.

பூவாத்தாள் வளவுக்காரர்களிடமும் சொன்னாள். இனிமேல் அந்தப் பிள்ளைக்கு யாரும் தைக்க வேண்டாம், தொளதொளவென்று தொங்கட்டும், தொங்கினால்தான் கண்ணுக்குத் தெரியும் என்றாள். துரைசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, புள்ளைய அம்மணமா நிக்கச் சொல்றியா? நாங்க வேற என்னத்தப் பண்றது? எங்களுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு ஒரு வயசு லேபிளுக்குப் பேட்டன் வெட்டினார். பிள்ளை அதற்கும் குறைந்தது. கார்த்திகைக் கடைசியில் கோகிலவாணியின் முழங்கையில் தலையும் மணிக்கட்டில் காலுமாக அடங்குகிற அளவுக்கு வந்து நின்றது.

அன்றைக்குத்தான் கோகிலவாணி தன் பழைய சேலையை எடுத்து, உத்தரத்து வளையத்தில் மறுபடியும் தொட்டில் கட்டினாள்.

வளவுக்கே மனசு இறங்கி லேசாகிவிட்டது. அந்த வீட்டில் இருந்து ஏழு மாசம் கழித்து ஒரு தாலாட்டு கேட்டது. கோகிலவாணி தலை சீவிப் பூ வைத்தாள். சென்னியப்பன் சாயங்காலம் வரும்போது கிலுகிலுப்பை வாங்கி வந்தான். "பாவம், போனது திரும்பி வந்தாப்ல ஆச்சு," என்று வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆண்டவன் கணக்கா அளவெடுத்துத் தந்திருக்கறான்."

பூவாத்தாள் மட்டும் கண்ணைத் துடைக்கவில்லை. பிள்ளை யாருடைய அளவுக்கு வந்து நிற்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தம்பியின் இடம் காலியாகிவிட்டதால், தானே குறுகிக் குறுகி அதில் போய் அடங்கிக்கொண்டிருக்கிறது ஒன்பது வயசுப் பிள்ளை. இதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு லேபிள்தான் இருக்கிறது, அதற்கும் கீழே உலகத்தில் எந்தக் கம்பெனியும் அளவு வைத்திருக்கவில்லை. தையில் அவள் இருக்க மாட்டாள்.

யாராவது சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. பெற்றவள் சொல்ல மாட்டாள், அப்பன் சொல்ல மாட்டான் என்று பூவாத்தாள் இத்தனை நாளும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தது சௌகரியமாகவும் இருந்தது. ஏனென்றால் சொல்ல வேண்டிய சொல் அவர்களிடம் இல்லை, இவள் வயிற்றில்தான் இருந்தது. சித்திரை மாசத்தில் இருந்து அதை நோட்டிலும் எழுதவில்லை, வேனிலும் சொல்லவில்லை, சாமி முன்னாலும் சொல்லவில்லை.

மார்கழி இரண்டாம் ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு, வளவே குழாயடியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, பூவாத்தாள் கோகிலவாணி வீட்டு வாசலில் போய் நின்றாள். கோகிலவாணி தொட்டிலை ஆட்டிக்கொண்டே உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கக்கா. இப்பத்தான் தூங்கறா."

பூவாத்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. வாசலில் நின்றபடியே, குழாயடியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"கோகிலா, அன்னைக்கு நான் இங்க வந்தேன். அந்த ஞாயித்துக்கெழமை நீங்க ரெண்டு பேரும் ஷிப்மெண்டுன்னு வேலைக்குப் போயிட்டீங்க. நான் கறிவேப்பிலை கேக்க வந்து கதவத் தட்டுனேன். இந்தப் புள்ள கையகலம் கதவத் தொறந்து, 'தம்பி தூங்கறானுங் அத்தை, இப்பத்தான் அழுகைய நிறுத்துனான், சத்தம் போடாதீங்க'ன்னு சொல்லுச்சு. எனக்குத் தொட்டில் தெரிஞ்சுது. தொட்டில்ல இருந்து ஒரு காலு தொங்கறது தெரிஞ்சுது. அந்தக் கால் நெறம் சரியில்லை கோகிலா. நூல் பிசிறு தப்பாத கண்ணு இது, எனக்கா தெரியாது? தெரிஞ்சுது. அடுப்புல கறி கொதிக்குதேன்னு நெனச்சேன், நமக்கெதுக்குன்னு நெனச்சேன், ஒண்ணுமிருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாஸ் பண்ணிட்டுப் போயிட்டேன்."

தாலாட்டு நின்றது. குழாயை யாரோ நிறுத்தினார்கள்.

கோகிலவாணி எழுந்து வந்தாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது, இரண்டாவது காதில் விழுந்தது. "பாத்தியா? பாத்துட்டாப் போனே? பாத்துட்டு என்ற புள்ளைக்குக் கவுன் தச்சுக் குடுத்தியாடி?" 'அக்கா' போய் 'டி' வந்துவிட்டது. பூவாத்தாள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வேலாத்தாள் ஓடிவந்து கோகிலவாணியின் இடுப்பைப் பிடித்து இழுத்தும் அவள் விடவில்லை, ஏழு மாசம் அழாததற்கெல்லாம் சேர்த்து அடித்தாள். உள்ளே சென்னியப்பன் சுவரோடு சாய்ந்து நீலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

அப்போது தொட்டிலுக்குள் இருந்து ஒன்பது வயசுக் குரல் வந்தது.

"அத்தை, அப்ப தம்பி தூங்கலீங்களா?"

கோகிலவாணியின் கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லவே இல்லை. தூங்குகிறான் என்று அது காவல் இருந்தது. சாயங்காலம் பெரியவர்கள் வந்து, அவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது, "தம்பி தூங்கறான், நீ சத்தம் போடாம வேலாத்தா அத்தை வீட்ல இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மூடிய வாய். தம்பி எழுந்துவிடக்கூடாதே என்று இத்தனை நாளும் அது மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இல்லை சாமி," என்றாள் பூவாத்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "தம்பி செத்துப் போயிட்டான். நான் வந்தப்பவே போயிட்டானா, உசுரு இருந்துச்சாங்கறது எனக்குத் தெரியாது. உள்ள வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். வந்து பாக்கோணும்னு உனக்கு என்ன தெரியும், நீ புள்ள. தம்பியப் பாத்துக்கன்னு உங்கம்மா சொன்னத நீ செஞ்சே. நான் பெரியவ. நாந்தான் வந்திருக்கோணும்."

"பேரு சொல்லலாமுங்களா?" என்று பிள்ளை கேட்டது.

 இத்தனை மாசமாகப் பேசாத சென்னியப்பன்தான் வாயில் இருந்து கையை எடுத்தான். "கவின்," என்றான். "கவினு, கவினு," என்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டே சொன்னான்.

மோனிஷா அழ ஆரம்பித்தாள். அது கைப்பிள்ளையின் அழுகையாக இல்லை. வளவின் ஓட்டுக்கூரைகள் மேல் இருந்த புறா எல்லாம் எழுந்து பறந்தன, தொட்டில் தாறுமாறாக ஆடியது, அழுகைக்கு நடுவே டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. துரைசாமி வெட்டி, வளவே சேர்ந்து தைத்த அந்தச் சின்னக் கவுன் தோளில் பிரிந்திருந்தது. பழக்க தோசத்தில் வேலாத்தாள் தாலிக்கயிற்றில் இருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள், நீட்டிய பிறகு அவளுக்கே என்னவோபோல் ஆகி கையை மடக்கிக்கொண்டாள். மோனிஷா பொழுது சாயும் வரைக்கும் அழுதாள். ஒருத்தரும் அவளைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

வளர்ந்தாள், ஆனால் சட்டென்று வளரவில்லை. பங்குனி வரைக்கும் ஐந்து வயசு அளவுக்குத்தான் வந்தாள், அதிலும் சில வாரம் மறுபடி ஓர் இஞ்ச் குறைந்தாள். பழைய அளவுக்கு வருவாளா என்று கேட்டதற்குத் தெரியாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார், சில பிள்ளைகள் ஓர் அளவு குறைவாகவே நின்றுவிடுவதும் உண்டு என்றார். கோகிலவாணி மாசத்துக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு வேனுக்குப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். வளவில் துரைசாமி கத்திரியைத் தொடவில்லை. பூவாத்தாளோடு யாரும் பேசவில்லை. குழாயடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ரொம்ப நல்லவர்கள்தான், ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்களும் அந்தக் கதவைத் தாண்டித்தானே தண்ணிக்குப் போனோம் என்பது ஞாபகம் வந்தது, அதைப் பொறுக்க அவர்களுக்குத் திராணியில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க அவள் வேனுக்குப் போனாள். டாக்டரம்மா அதை வாங்கவும் இல்லை, நீங்க நல்லவங்க என்று தேற்றவும் இல்லை.

"புதன்கிழமை அந்த வீட்டுக்கு யாரு போவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அவ என்ற மூஞ்சியில முழிக்க மாட்டாளுங்."

"முழிக்க வேண்டாம். யாரு போவாங்க?"

அடுத்த புதன்கிழமை மத்தியானம் பூவாத்தாள் அந்த வாசலில் போய் நின்றாள். கோகிலவாணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே அரையிருட்டில் மோனிஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா இல்லையா என்று வாசலில் இருந்து பார்த்தால் தெரியவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. பூவாத்தாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.